இந்தியன் வெல்ஸில் பந்து பறக்கிறது, தரை பிடித்து நிறுத்துகிறது: இரண்டும் எப்படி உண்மை?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். கலிஃபோர்னியாவின் இந்தியன் வெல்ஸ் டென்னிஸ் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, வர்ணனையாளர் ஒரே ஆட்டத்தில் இது களிமண் தரையைப் போல மெதுவான ஆடுகளம் என்றார். சற்று நேரத்தில் இங்கே பந்து பறக்கும், அடக்கி ஆடுவது கடினம் என்றும் சொன்னார். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்பது உங்கள் குழப்பம். 2023-இல் ரஷ்ய வீரர் டேனில் மெத்வெதேவ் இது ஹார்ட் கோர்ட்டே (பூச்சுப் போட்ட கெட்டித் தரையே) இல்லை என்று ஆட்டத்தின் நடுவிலேயே பொரிந்து தள்ளினாரே, அவர் பக்கம் நியாயம் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக, சென்னையில் ஹார்ட் கோர்ட்டில் பயிற்சி எடுக்கும் உங்கள் பதினான்கு வயது மகள் அந்த ஆட்டங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்ற கேள்வி. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான். கல்லாய் இறுகிக் கிடக்கும் ஒரே வகைத் தரையில் ஆட்டம் ஊருக்கு ஊர் ஏன் இவ்வளவு மாறுகிறது என்பதுதான் அது.

நான் பல ஆண்டுகளாகச் சென்னையில் டென்னிஸ் பயிற்சியாளராக இருக்கிறேன். பயிற்சிக்கு நடுவே ஆடுகளங்களுக்குப் புதிதாகப் பூச்சுப் போடும் வேலையைக் கூடவே நின்று பார்த்தும் வந்திருக்கிறேன். இந்தியன் வெல்ஸில் நான் ஆடியதில்லை. ஆகவே அந்த ஊரைப் பற்றிச் சொல்வது ஆட்டங்களைப் பார்த்தும், பந்தும் தரையும் நடந்துகொள்ளும் விதம் பற்றிப் படித்தும் சேர்த்தது. தரை பற்றிச் சொல்வது கையால் தொட்டு அறிந்தது. உங்கள் முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: வர்ணனையாளர் சொன்ன இரண்டும் உண்மை. பந்து மட்டையிலிருந்து தரைக்கு வரும் வழியில் உள்ள வேகம் ஒன்று. தரையில் பட்டு எழுந்த பிறகு மிஞ்சும் வேகம் இன்னொன்று. முன்னதைக் காற்றும் பந்தும் தீர்மானிக்கின்றன, பின்னதைப் பெரும்பாலும் தரை தீர்மானிக்கிறது. இந்தியன் வெல்ஸில் இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன.

போட்டியைப் பற்றி ஒரு சொல். கோச்செல்லா பள்ளத்தாக்கு என்னும் பாலைநிலத்தில், ஐயாயிரம் பேர் அளவே வசிக்கும் சிறு ஊர் இந்தியன் வெல்ஸ். ஆண்களுக்கு மாஸ்டர்ஸ் 1000, பெண்களுக்கு டபிள்யூடிஏ 1000 என்று, கிராண்ட்ஸ்லாமுக்கு அடுத்த நிலையில் உள்ள இரு பிரிவும் ஒரே ஆடுகளங்களில் மார்ச் மாதத்தில் நடக்கின்றன; 1996 முதல் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. இப்போதைய டென்னிஸ் கார்டன் வளாகம் 2000-இல் திறக்கப்பட்டது. அதன் பெரிய அரங்கில் 16,100 பேர் அமரலாம். டென்னிஸுக்கென்றே கட்டிய அரங்குகளில் இதைவிடப் பெரியது நியூயார்க்கின் ஆர்தர் ஆஷ் அரங்கம் மட்டுமே. ஒற்றையரில் ஒவ்வொரு பிரிவிலும் 96 பேர். தரநிலை பெற்ற 32 பேர் இரண்டாம் சுற்றிலிருந்து தொடங்குவார்கள். கிராண்ட்ஸ்லாம் போலவே பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட்டம் என்பதால் வீரர்களுக்கு ஓய்வு கிடைக்கிறது. நீண்ட ரேலிகளை, அதாவது பந்து மாறி மாறிப் போய்வரும் நீண்ட புள்ளிகளை, கோரும் தரையில் இந்த ஓய்வு சின்ன விஷயமல்ல.

இனி தரைக்கு வருவோம். ஹார்ட் கோர்ட் என்றால் அடியில் தார்க்கலவையோ கான்கிரீட்டோ இருக்கும். அதன் மேல் மேடுபள்ளத்தைச் சமன்செய்யும் பூச்சு. சில தயாரிப்புகளில் ரப்பர் துகள் கலந்த மெத்தைபோன்ற அடுக்குகள். எல்லாவற்றுக்கும் மேலே நிறம் கலந்த அக்ரிலிக் பூச்சு இரண்டு மூன்று முறை. இந்த மேல்பூச்சில் நுண்ணிய சிலிக்கா மணல் கலக்கிறார்கள். அந்த மணல் எவ்வளவு, எந்த அளவு பருமன் என்பதில்தான் ஆடுகளத்தின் வேகம் பெரிதும் அடங்கியிருக்கிறது. பூச்சு வேலையைக் கிட்ட நின்று பார்த்தால் இது புரியும். பீப்பாயில் கலவையை ஒருவர் ஓயாமல் கிளறிக்கொண்டே இருப்பார். கிளறுவதை நிறுத்தினால் மணல் அடியில் தங்கிவிடும். முதலில் ஊற்றிய பகுதி வழுவழுப்பாகவும் கடைசியாக ஊற்றிய பகுதி சொரசொரப்பாகவும் அமைந்து, ஒரே ஆடுகளத்தின் இரு முனைகளும் இரு விதமாக ஆடும். பூச்சு காய்ந்ததும் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பாருங்கள்; புதுத் தரை உப்புத்தாள் போல உராயும். ஓரிரு ஆண்டுகள் ஆடிய பிறகு ஆடுகளத்தின் பின்கோடான பேஸ்லைனின் நடுப்பகுதியைத் தொட்டால் மணல்முனைகள் மழுங்கி வழவழவென்று இருக்கும். ஹார்ட் கோர்ட் பழசாகப் பழசாக வேகம் கூடும் என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதனால்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்த வேகத்தை அளக்கவும் வழி இருக்கிறது. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் முறையில், பந்தை வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில், தரையோடு 16 டிகிரி கோணத்தில் எறிந்து, தரையில் படும் முன்னும் பட்ட பின்னும் அதன் வேகத்தை அளப்பார்கள். பந்தைத் தரை எவ்வளவு பிடித்து நிறுத்துகிறது, எவ்வளவு உயரம் எழுப்புகிறது என்ற இரண்டையும் சேர்த்து ஓர் எண் கிடைக்கும். 29 வரை மெதுவானது. 30 முதல் 34 வரை சற்று மெதுவானது. 35 முதல் 39 வரை நடுத்தரம். 40 முதல் 44 வரை சற்று வேகமானது. 45-ம் அதற்கு மேலும் வேகமானது. எழும் உயரத்தையும் ஏன் கணக்கில் சேர்க்கிறார்கள் என்றால், உயரமாக எழும் பந்து ஆட்டக்காரருக்கு அதிக நேரம் தருகிறது. நேரம் கிடைத்தால் அவருக்கு அந்தத் தரை மெதுவாகத் தோன்றும். கவனிக்க வேண்டியது, இந்த அளவுகோலில் 'ஹார்ட் கோர்ட்' என்று ஒரு வகை கிடையாது. மணலைக் கூட்டிக் குறைத்து அக்ரிலிக் தரையை இந்த அளவுகோலின் பல படிகளில் அமைத்துக்கொள்ள முடியும்.

இப்போது, பலர் தவறவிடும் இடத்துக்கு வருகிறேன். நான் இங்கே கொஞ்சம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் மெத்வெதேவின் கோபத்துக்கும் உங்கள் மகளின் ஆட்டத்துக்கும் விடை இதில்தான் இருக்கிறது. பந்து தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு வினாடியில் இருநூறில் ஒரு பங்கு நேரம்தான். அந்த நேரத்துக்குள் அது இரண்டில் ஒன்றைச் செய்யும்: முழு நேரமும் தரையில் வழுக்கிக்கொண்டே போகும், அல்லது வழுக்கத் தொடங்கி நடுவில் தரையைப் பற்றிக்கொள்ளும். தட்டையாக அடித்த பந்து தாழ்ந்த கோணத்தில் வருகிறது, அது வழுக்கும். வழுக்கும் பந்தின் வேகத்தை உராய்வுதான் குறைக்கிறது, எனவே தரை எவ்வளவு சொரசொரப்போ அவ்வளவு இழப்பு. டாப்ஸ்பின் (பந்தை முன்னோக்கி உருளும்படி சுழற்றுவது) கொடுத்து உயர்த்தி அடித்த பந்து செங்குத்தாகச் சரிந்து விழுகிறது. அதோடு அதன் அடிப்பாகம் பின்னோக்கிச் சுழல்கிறது. அது எந்தத் தரையிலும் சீக்கிரமே பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்ட பிறகு தரை இன்னும் சொரசொரப்பாக இருந்தாலும் அதற்குப் பெரிய நஷ்டம் இல்லை. ஆக, ஒரு தரையில் மணலைக் கூட்டினால் எல்லோருக்கும் சமமாக வேகம் குறைவதில்லை. தட்டையாக அடிப்பவரிடமிருந்து அது அதிகம் பறித்துக்கொள்கிறது. டாப்ஸ்பின்காரரைத் தொடுவதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு விட்டுவிடுகிறது. மேலும் செங்குத்தாக விழும் பந்து அதே அளவுக்கு மேலே எழும். எதிராளி தோளுக்கு மேலே எட்டி அடிக்க வேண்டிவரும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு வெற்றியாளர் பட்டியலைப் பாருங்கள். புதிய வளாகம் திறந்த 2000-ஆம் ஆண்டிலேயே பட்டம் வென்றவர் ஸ்பெயினின் அலெக்ஸ் கொரெட்யா, களிமண் தரையில் வளர்ந்தவர். டொமினிக் தீம் தம் வாழ்நாளில் வென்ற ஒரே மாஸ்டர்ஸ் 1000 பட்டம் 2019-இல் இங்கே கிடைத்தது. இறுதியில் ரோஜர் ஃபெடரரை வீழ்த்தினார். ரஃபேல் நடால் 2007, 2009, 2013 என மூன்று முறை வென்றார். அவரே அடுத்த இரண்டு வாரங்களில் நடக்கும் மயாமி போட்டியில் 2005, 2008, 2011, 2014, 2017 என ஐந்து முறை இறுதிக்கு வந்தும் ஒருமுறைகூட வெல்லவில்லை. இரண்டும் ஹார்ட் கோர்ட், இரண்டும் மார்ச் மாதம், ஏறக்குறைய அதே எதிராளிகள். நடாலின் ஐந்து தோல்விகளுக்கும் தரைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு முறை ஃபெடரரும் இரண்டு முறை நோவாக் ஜோகோவிச்சும் எதிரே நின்றார்கள். ஆனால் அவருடைய இடக்கைப் பந்து பாலைவனப் பகலில் எழுந்த உயரத்தைப் பார்த்தவர்களுக்கு மூன்று பட்டங்கள் வியப்பளிக்காது. 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் ஆண்கள் இறுதியில் கார்லோஸ் அல்கராஸ் மெத்வெதேவைத் தோற்கடித்தார். முதலாவது 6-3, 6-2. பெண்களில் இகா ஸ்வியாடெக் 2022-லும் 2024-லும் வென்றார். அல்கராஸ், ஸ்வியாடெக் இருவருமே பந்தைக் கனமாகச் சுழற்றி அடிப்பவர்கள்.

தரை இழுப்பது ஒரு பக்கம். மறுபக்கம் காற்று. இதைப் பற்றி ஒரு தவறான விளக்கம் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப வருகிறது, அதைச் சரிசெய்ய விரும்புகிறேன். பாலைவனக் காற்று வறண்டது, ஆகவே மெல்லியது, ஆகவே பந்து பறக்கிறது என்பார்கள். பந்து பறப்பது உண்மை. காரணம் பாதிதான் சரி. ஒரே வெப்பநிலையில், ஒரே அழுத்தத்தில், ஈரமான காற்றுதான் வறண்ட காற்றைவிட லேசானது, ஏனென்றால் நீராவியின் மூலக்கூறு நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளைவிட எடை குறைந்தது. அந்த வேறுபாடும் மிகச் சிறியது. உயரமும் காரணமில்லை, இந்தியன் வெல்ஸ் கடல்மட்டத்தையொட்டிய பள்ளத்தாக்கு. உண்மையில் வேலை செய்வது வெயில். 15 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குக் காற்று சூடானால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 5 சதவீதம் குறைகிறது. பந்தைத் தடுக்கும் விசையும் அதே அளவு குறையும். அதே சூட்டில் பந்தின் உள்ளே அடைத்த வாயுவின் அழுத்தம் ஏறுகிறது, ரப்பரும் துள்ளலாகிறது. பந்து மட்டையிலிருந்து துடித்துக் கிளம்புகிறது, தரையிலிருந்தும் துள்ளி எழுகிறது.

வறட்சி பங்களிக்கும் இடம் வேறு: பந்தின் மேலுள்ள கம்பளி போன்ற ஃபெல்ட் உறை. ஈரப்பதமான ஊரில் அந்த உறை காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பந்து கனக்கும். சென்னையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விளக்கொளியில் ஆடுபவர்கள் இதைத் தினமும் அனுபவிக்கிறார்கள். பனி இறங்கிய பிறகு பந்தை எடுத்து அழுத்தினால் உறை சில்லென்று ஈரமாக இருக்கும், அடித்தால் மட்டையில் ஒட்டிக்கொண்டு போவது போன்ற உணர்வு வரும். பாலைவனத்தில் உறை காய்ந்தே இருக்கிறது. புதுப் பந்து என்றால் அது கட்டுக்கடங்காமல் நீளமாகப் போகும். வர்ணனையாளர் பந்து பறக்கிறது என்றது இந்தக் கட்டத்தைத்தான்.

அந்தப் புதுப் பந்து நீடிப்பதில்லை. சொரசொரத் தரை ஃபெல்ட் உறையைக் கிளறிவிடுகிறது. இழைகள் எழுந்து நின்று பந்து பருத்துவிடுகிறது. காற்றில் இழுவை கூடுகிறது. பெரிய போட்டிகளில் முதல் ஏழு கேம்களுக்குப் பிறகும், அதன்பின் ஒன்பது ஒன்பது கேம்களுக்கு ஒருமுறையும் பந்து மாற்றுவார்கள். மாற்றுவதற்கு முந்தைய இரண்டு மூன்று கேம்களையும் மாற்றிய உடனே வரும் இரண்டு கேம்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இரண்டு வேறு போட்டிகளைப் பார்ப்பது போலிருக்கும். அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது நடுவர் 'புதுப் பந்து' என்று அறிவிக்கும் இடத்தைக் கவனியுங்கள். அதற்குப் பிறகு யார் முதல் சர்வ் போடுகிறார் என்பதை ஆட்டக்காரர்கள் எவ்வளவு முக்கியமாக நினைக்கிறார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரியும்.

இரவு வந்தால் கதை மீண்டும் மாறும். மார்ச்சில் அந்தப் பள்ளத்தாக்கில் பகல் வெப்பம் 27 டிகிரியை ஒட்டி இருக்கும். இரவில் 15-க்குக் கீழே இறங்கிவிடும். பகலில் தோளுக்கு எழுந்த பந்து இரவில் இடுப்புக்குத்தான் எழும் என்று சொன்னால் கொஞ்சம் மிகை, ஆனால் போக்கு அதுதான். மாலைகளில் காற்று வேறு வீசும். பக்கத்துச் சான் கோர்கோனியோ கணவாயில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்பதிலிருந்தே அந்தப் பகுதியின் காற்றைப் புரிந்துகொள்ளலாம். ஒரு வீரர் பகலில் இரண்டு சுற்று வென்றுவிட்டு மூன்றாவது ஆட்டத்துக்கு இரவு நேரம் கிடைத்தால், அதே அரங்கில் அவர் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னதைக் கேட்டால் இந்தியன் வெல்ஸில் டாப்ஸ்பின்காரர்கள் மட்டுமே வெல்வார்கள் என்று தோன்றும். அப்படியில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2010-இல் வென்ற இவான் லூபிசிச் சர்வை நம்பி ஆடியவர். இறுதியில் ஆண்டி ராடிக்கை இரண்டு செட்டையும் டைபிரேக்கரில் வென்றார். 2012-இல் ஜான் இஸ்னர் அரையிறுதியில் ஜோகோவிச்சை வீழ்த்தி இறுதிக்குப் போனார். 2023-இல் பெண்கள் பட்டத்தை வென்ற எலினா ரைபாகினா தட்டையாக அடிப்பவர். அரையிறுதியில் ஸ்வியாடெக்கை 6-2, 6-2 என்று நொறுக்கினார். 2025 இறுதியில் ஜாக் டிரேப்பர் ஹோல்கர் ரூனேயை 6-2, 6-2 என்று வென்றபோது அங்கே நீண்ட மல்லுக்கட்டு எதுவும் இல்லை. இவர்களில் பலருக்குப் பொதுவானது வலுவான சர்வ். சூடான காற்றில் சர்வ் வேகம் இழக்காமல் வந்து சேர்கிறது. சுழற்றிப் போடும் இரண்டாவது சர்வ் எதிராளியின் தலையருகே எழுகிறது. மெதுவான தரை சர்வ் போடுபவருக்கு எதிரி என்ற பொது விதி இந்த ஊரில் அரைகுறையாகத்தான் செல்லுபடியாகும்.

உறுதியாகச் சொல்ல முடிந்தவற்றை இதோடு முடித்துக்கொண்டு, சந்தேகத்துக்கு இடமுள்ளவற்றுக்கு வருகிறேன். முதலாவது, போட்டி நடத்துபவர்கள் ரேலிகள் நீளட்டும், நட்சத்திரங்கள் சீக்கிரம் வெளியேறாமல் இருக்கட்டும் என்று வேண்டுமென்றே தரையை மெதுவாக்குகிறார்கள் என்ற பேச்சு. கேட்க நம்பும்படி இருக்கிறது; ஆனால் இதை நிறுவும் சான்று எதையும் நான் பார்த்ததில்லை, ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஒளிபரப்பில் காட்டப்படும் வேக எண்கள். அவை ஆட்டத்தின்போது கேமராக்கள் பதிவுசெய்த பந்துகளிலிருந்து கணக்கிடப்படுபவை. முன்பு சொன்ன எறிசோதனையில் பந்தும் கோணமும் மாறாமல் இருக்கும். ஆட்டத்தில் யார் ஆடினார்கள், பந்து புதிதா பழையதா, பகலா இரவா என்பதெல்லாம் எண்ணுக்குள் கலந்துவிடும். இரண்டு போட்டிகளை ஒப்பிட அது ஓரளவு உதவும், தீர்ப்புச் சொல்லப் போதாது. மூன்றாவது, 2025-இல் நடந்த மாற்றம். கால் நூற்றாண்டாக இருந்த பிளெக்ஸிபேவ் பூச்சுக்குப் பதில் அந்த ஆண்டு லேகோல்ட் வந்தது. யுஎஸ் ஓபனிலும் மயாமியிலும் இருப்பதும் லேகோல்ட்தான். ஆகவே வேகம் கூடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். ஆனால் தரை இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது என்ற பேச்சு ஆட்டக்காரர்களிடம் ஓயவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. தயாரிப்பின் பெயர் வேகத்தைச் சொல்லாது, அதில் கலந்த மணல்தான் சொல்லும். புதுப் பூச்சு எப்போதும் முதலில் சொரசொரப்பாகவே இருக்கும். அடுத்தடுத்த ஆண்டுகளில் அது தேய்ந்து வேகமாகுமா என்பது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மறுபூச்சுப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

மெத்வெதேவுக்கு வருவோம். 2023-இல் அலெக்சாண்டர் ஸ்வெரெவுடன் நடந்த நான்காம் சுற்றில்தான் அந்தப் புகார் வெடித்தது. ஹார்ட் கோர்ட் பற்றி எனக்குத் தெரியும், இது ஹார்ட் கோர்ட் அல்ல என்பது அவர் வாதத்தின் சாரம். கட்டுமானப்படி பார்த்தால் அவர் சொன்னது தவறு. அது அக்ரிலிக் பூசிய ஹார்ட் கோர்ட்தான். தம் ஆட்டத்துக்கு என்ன நேர்கிறது என்பதில் அவர் சொன்னது சரி. அவருடைய பந்து தாழ்வாக, தட்டையாக, நீளமாக வருவது. மேலே சொன்ன வழுக்கும் பந்துக்கு அவரைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. தரை யாரிடமிருந்து அதிகம் பறிக்கிறதோ அவர்தான் உரக்கக் கத்துவார். ஆனாலும் அந்த ஆட்டத்தில் கணுக்கால் பிசகியும் மூன்று செட்டில் வென்றார், அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் இறுதிவரை போனார். பிடிக்காத தரையில் தொடர்ந்து இரண்டு இறுதிகள் என்பது அவர் ஆட்டத்தின் மீது எனக்கிருக்கும் மரியாதையைக் கூட்டியிருக்கிறது. புகாரை நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லா ஹார்ட் கோர்ட்டும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, இருக்கவும் கூடாது என்பது என் கருத்து. வெவ்வேறு தரைகளில் வெல்பவரைத்தான் நாம் பெரிய ஆட்டக்காரர் என்கிறோம். இந்தியன் வெல்ஸையும் ஈரக்காற்று வீசும் மயாமியையும் 2014, 2015, 2016 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சேர்த்தே வென்ற ஜோகோவிச்சின் சாதனைக்கு மதிப்பு அதனால்தான்.

இரட்டையர் ஆட்டத்தில் தரையின் பங்கு குறைகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், நம்மவர்கள் வென்றது அங்கேதான் என்பதால். வலையருகே நிற்பவர் பந்தைத் தரையில் விழவிடாமலே அடிக்கிறார். மணல் எவ்வளவு இருந்தாலும் அவருக்கு ஒன்றுமில்லை. சூடான காற்று தரும் சர்வ் வேகமோ முழுமையாகக் கிடைக்கிறது. 2015-இல் சானியா மிர்சா, மார்ட்டினா ஹிங்கிஸுடன் சேர்ந்து இங்கே வென்றார்; அடுத்து மயாமியையும் வென்றார்கள். 2023-இல் ரோகன் போபண்ணா, மேத்யூ எப்டனுடன் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 43. மாஸ்டர்ஸ் 1000 பட்டம் வென்றவர்களில் அதுவரை யாரும் அந்த வயதில் வென்றதில்லை. போபண்ணாவின் சர்வின் கனத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊர்க் காற்று அவருக்கு எவ்வளவு கைகொடுத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

உங்கள் மகளைப் பற்றி: அவள் தட்டையாக அடிப்பவள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை, ஆகவே பொதுவாகத்தான் சொல்ல முடியும். தட்டையான அடியை மாற்றச் சொல்லி யாரும் அவசரப்படுத்த வேண்டாம். ரைபாகினாவைப் பற்றிச் சொன்னேன். ஆனால் புதுப்பூச்சுப் போட்ட ஆடுகளத்திலோ பனி இறங்கிய இரவிலோ அவளுடைய நல்ல அடிகள் எதிராளிக்கு எளிதாகப் போய்ச் சேர்ந்தால், குற்றம் அவள் கையில் என்று நினைத்து இன்னும் வேகமாக அடிக்கத் தொடங்கிவிடுவாள். அந்த வயதுப் பிள்ளைகள் பலரிடம் இதைப் பார்க்கிறேன். பிழைகள் அங்கேதான் கூடுகின்றன. ஆட்டத்துக்கு முன் தரையைக் கையால் தேய்த்துப் பார்க்கவும், பயிற்சி அடிகளின்போது பந்து இடுப்புக்கு எழுகிறதா தோளுக்கு எழுகிறதா என்று கவனிக்கவும் பழக்குங்கள். சொரசொரப்பாக இருந்தால் வலைக்கு மேலே ஒரு மீட்டர் உயரம் கொடுத்துச் சுழற்றி அடிக்கும் ஒரு பந்து அவள் கைவசம் இருக்க வேண்டும். அதை எப்போதும் ஆட வேண்டியதில்லை, ரேலி நீளும்போது மட்டும் போதும்.

இந்தியன் வெல்ஸ் ஆட்டங்களை அவளோடு உட்கார்ந்து பாருங்கள், ஆனால் பந்தைப் பின்தொடர்ந்து பார்க்க வேண்டாம். உயரத்தில் வைத்த கேமராவில் பந்து எவ்வளவு எழுகிறது என்பது தெரியாது. சர்வை எதிர்கொள்பவரின் கால்களைப் பாருங்கள்: பேஸ்லைனுக்கு எவ்வளவு பின்னால் நிற்கிறார், பகல் ஆட்டத்துக்கும் இரவு ஆட்டத்துக்கும் அந்த இடம் மாறுகிறதா, புதுப் பந்து வந்ததும் ஓரடி பின்வாங்குகிறாரா என்று பாருங்கள். 2025-இல் பதினேழு வயதில் மிர்ரா ஆண்ட்ரீவா இறுதியில் அரினா சபலென்காவிடம் முதல் செட்டை 2-6 என்று இழந்த பிறகு 6-4, 6-3 என்று மீண்டு வென்ற ஆட்டத்தை முதலில் பாருங்கள். உங்கள் மகளைவிட மூன்றே வயது மூத்த பெண், தன்னைவிட வலுவாக அடிப்பவருக்கு எதிராக எங்கே நிற்கிறாள், எந்தப் பந்தை உயர்த்துகிறாள், எதைத் தட்டையாக விடுகிறாள் என்று உங்கள் மகளையே ஒரு தாளில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தத் தாளை அவளுடைய பயிற்சியாளரிடம் கொடுத்தால் அவர் மேற்கொண்டு சொல்லுவார்.